மேடு தேடிப் போய் வாய்க்கால் வெட்டிய கதை: ஃப்ளேவோலாந்தின் மவுண்டன் பைக் தடங்கள்

2011-இல் நெதர்லாந்தில் ஒரு மலையைப் பற்றிப் பேச்சு கிளம்பியது. முன்னாள் சைக்கிள் பந்தய வீரரும் பத்திரிகையாளருமான தைஸ் சோன்னஃபெல்ட், நம் நாட்டுக்கு 2 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு மலை கட்டினால் என்ன என்று தன் பத்தியில் எழுதிவிட்டார். பாதி விளையாட்டாக எழுதியதுதான். ஆனால் பொறியாளர்களும் கட்டடக் கலைஞர்களும் உண்மையிலேயே உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தார்கள். எங்கே கட்டலாம் என்ற பேச்சில் ஃப்ளேவோலாந்து மாகாணத்தின் பெயரும் அடிபட்டது. எவ்வளவு மண், எவ்வளவு பணம் என்று பார்த்ததும் பேச்சு அடங்கிவிட்டது.

அதே ஃப்ளேவோலாந்தில், அந்த மலை இல்லாமலேயே, மவுண்டன் பைக் தடங்கள் இருக்கின்றன. அல்மேரே, ஸேவோல்டே, லெலிஸ்டாட், ட்ரோண்டன் பக்கத்துக் காடுகளிலும், வடக்கே குயிண்டர்போஸ் காட்டிலும் சனி ஞாயிறு காலையில் சேறு படிந்த முகத்தோடு ஆட்கள் திரும்பி வருவார்கள். தரையோ முன்பு கடலின் அடி. பெரும்பகுதி இன்றும் கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் கீழேதான் கிடக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் மவுண்டன் பைக்குக்கு என்ன குறை என்று கேட்டால் யாரும் உயரம் என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தடம் எப்படி வெட்டப்படுகிறது, எப்படிக் கெடுகிறது என்று பார்க்கப் போனால் குறை வேறு இடத்தில் இருக்கிறது: பெய்த மழை வழிந்தோட வழியில்லை. அந்தக் குறையைத் தீர்க்கப் போகும்போது மேடு உபரியாகக் கிடைத்துவிடுகிறது.

உழவர் வேண்டாம் என்ற மண்

நிலத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1916 ஜனவரியில் சைடர்சே என்ற உள்கடலில் புயல் வெள்ளம் வந்து கரையோர ஊர்களை மூழ்கடித்தது. கோர்னேலிஸ் லேலி என்ற பொறியாளர் 1891-இலேயே போட்டுக் கொடுத்திருந்த திட்டம் அதற்குப் பிறகுதான் உயிர் பெற்றது, 1918-இல் சட்டமானது. 1932-இல் சுமார் 32 கிலோமீட்டர் நீள அணை உள்கடலின் வாயை அடைத்தது. உள்ளே கரை கட்டி, நீரை இறைத்து, துண்டு துண்டாக நிலம் எடுத்தார்கள். இப்படி எடுத்த நிலத்துக்குப் போல்டர் என்று பெயர். வடகிழக்கு போல்டர் 1942-இல் வறண்டது, கிழக்கு ஃப்ளேவோலாந்து 1957-இல், தெற்கு ஃப்ளேவோலாந்து 1968-இல். இவை மூன்றும் சேர்ந்து 1986-இல் நாட்டின் பன்னிரண்டாவது மாகாணம் ஆயின.

சைக்கிள்காரருக்கு முக்கியமான விஷயம் இதற்கு அப்புறம் வருகிறது. நீர் போனதும் கிடைத்தது நிலம் என்று சொல்லக்கூடிய பொருளே அல்ல. கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும் சேறு. அதன்மேல் விமானத்தில் பறந்து நாணல் விதை தூவினார்கள். நாணல் வேர் விட்டு நீரை உறிஞ்சி இலை வழியே காற்றில் விட்டது. சேறு காய்ந்து, சுருங்கி, கரிசல் காடு கோடையில் வெடிப்பது போல வெடித்து, அந்த வெடிப்புகள் வழியே காற்று உள்ளே போய், மெதுவாக மண்ணானது. டச்சுக்காரர்கள் இதை மண் ‘பழுப்பது’ என்கிறார்கள். பழத்துக்குச் சொல்லும் அதே சொல். பழுத்த மண் தாழும். ஒரு மீட்டருக்கு மேல் தரை இறங்கிவிட்ட இடங்களும் உண்டு.

யாருக்கு எந்த மண் என்ற பங்கீடு அடுத்து வந்தது. வடகிழக்கு போல்டர் திட்டமிடப்பட்டதே உணவுக்காக. நல்ல களிமண் முழுக்க உழவருக்குப் போனது. பயிருக்கு ஒவ்வாத மணல், மேலே கரி மண் (மக்கிய தாவரங்களால் ஆன மண்) கிடந்த துண்டுகள், பனியுகம் விட்டுச்சென்ற கல் கலந்த களி ஆகிய இடங்களில் மட்டும் மரம் நட்டார்கள். குயிண்டர்போஸ், ஃபோர்ஸ்டர்போஸ், உர்க் ஊரை ஒட்டிய காடு எல்லாம் இப்படிப் பிறந்தவை. உழவர் கழித்துக்கட்டியவற்றில் மணல்தான் சக்கரத்துக்கு மிக நல்ல மண் என்பது அப்போது யாருக்கும் தெரிந்திருக்காது. மணல் நீரைப் பிடித்து வைப்பதில்லை. மழை நின்ற மறுநாளே ஓட்டலாம்.

அடுத்தடுத்த போல்டர்களில் கொள்கை மாறியது. நகரத்து மக்கள் காற்று வாங்க வேண்டும், மரமும் வேண்டும் என்று நல்ல களிமண்ணிலேயே பெரிய காடுகளை நட்டார்கள். ஸேவோல்டே பக்கம் உள்ள ஹோர்ஸ்டர்வோல்ட் நாட்டின் மிகப் பெரிய இலையுதிர் காடுகளில் ஒன்று. பாப்லரும் வில்லோவும் ஆஷும் அந்தக் கொழுத்த மண்ணில் கிடுகிடுவென வளர்ந்தன. மக்கள்தொகை கூடிய அல்மேரேயும் லெலிஸ்டாடும் இந்தப் பக்கம்தான். ஆக, ஓட்டுபவர்கள் அதிகம் இருக்கும் இடத்தில் ஓட்டுவதற்கு மோசமான மண். ட்ரோண்டனுக்குக் கிழக்கே ரோகபோட்சாண்ட் போன்ற மணல் பகுதிகளில் ஊசியிலை மரங்கள் நிற்கின்றன. அது கிழக்கு ஃப்ளேவோலாந்துக்கு அமைந்த அதிர்ஷ்டம்.

பாதி விதி இங்கே செல்லாது

மலைச்சரிவில் தடம் வெட்டுபவர்கள் ‘பாதி விதி’ என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். தடத்தின் ஏற்றம், அது கடந்து செல்லும் சரிவின் சாய்வில் பாதிக்கு மேல் போகக் கூடாது. போனால் மழைநீர் தடத்தைக் குறுக்கே கடக்காமல் தடத்தின் வழியாகவே ஓட ஆரம்பிக்கும், தடம் ஓடையாகிவிடும். சாய்வு நூற்றுக்கு 20 என்றால் தடம் 10 வரை ஏறலாம். சரி, சாய்வே பூஜ்யம் என்றால்? பூஜ்யத்தில் பாதி பூஜ்யம். சமநிலத்தில் எந்த ஏற்றம் வைத்தாலும் விதி மீறல். ஏற்றம் வைக்காவிட்டால் நீர் நகரவே நகராது. மலைநாட்டுக் கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டு இங்கே வேலை தொடங்குபவர் முதல் பக்கத்திலேயே மாட்டிக்கொள்வார்.

மாட்டிக்கொண்டால் என்ன நடக்கும் என்பது எல்லாச் சமவெளித் தடங்களிலும் ஒரே மாதிரிதான். சக்கரங்கள் நடுவில் ஓடி மண்ணை அமுக்குகின்றன. நடுப்பகுதி பக்கத்துத் தரையைவிட ஒரு கை அகலம் தாழ்கிறது. மழை அங்கே தேங்குகிறது. களிமண் என்பதால் கீழே இறங்குவதும் இல்லை. அடுத்து வருபவர் குட்டையைத் தவிர்க்க ஓரமாகப் போகிறார், ஓரமும் குழைகிறது. அவருக்கு அடுத்தவர் இன்னும் ஓரம். இரண்டே மாதத்தில் ஒற்றையடித் தடம் மாட்டுவண்டிப் பாதை அகலத்துக்கு வந்துவிடும். ஒரு ஆள் செய்த தவறு என்று எதையும் காட்ட முடியாது. நூறு பேர் தனித்தனியாக அறிவோடு நடந்துகொண்டதன் மொத்த விளைவு அது.

இதில் காலம் வேறு சதி செய்கிறது. நெதர்லாந்தில் கோடையில் ஆட்கள் சாலை சைக்கிளில் போய்விடுவார்கள். காட்டுத்தடச் சுற்றுலாக்களும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்ட ஓட்டங்களும் அக்டோபர் தொடங்கி மார்ச் வரைதான் களைகட்டும். மழை ஆண்டு முழுக்கப் பரவலாகப் பெய்கிறது. கோடையில் மரங்களும் வெயிலும் அதைக் குடித்துவிடும். குளிர்காலத்தில் இலை இல்லை, வெயில் இல்லை. பெய்ததெல்லாம் மண்ணிலேயே நிற்கும். அதாவது மண் எப்போது ஒரு சக்கரத்தைக்கூடத் தாங்காதோ அப்போது நூற்றுக்கணக்கான சக்கரங்கள் வருகின்றன. உறைபனி இறுகிய வாரங்கள்தான் விதிவிலக்கு. அப்போது அதே களிமண் கான்கிரீட் போல் கிடக்கும், போன வாரத்துச் சக்கரத் தடங்களைக் கல்வெட்டு மாதிரி பதித்து வைத்துக்கொண்டு.

ஈரக் களிமண்ணில் ஓட்டுவது தனி அனுபவம். முதல் நூறு மீட்டரில் டயரின் பற்களுக்கு நடுவே மண் அடைகிறது. அடுத்த நூறு மீட்டரில் டயர் ஒரு வழுவழுப்பான மண் வளையம். அப்புறம் அந்த வளையம், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்குக்கும் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியை நிரப்பி, பிரேக் பிடிக்காமலேயே சக்கரம் நின்றுவிடுகிறது. பற்கள் தூரம் தூரமாக இருக்கும் குறுகிய டயர்தான் இங்கே உதவும். சுழலும்போது மண்ணை உதறிவிடும். இரண்டு பக்கமும் சஸ்பென்ஷன் வைத்த விலையுயர்ந்த வண்டியை இங்கே கொண்டுவருவது பணத்தைச் சேற்றில் போடுவதற்கு அப்படியே சமம் என்பது என் கருத்து. பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாத சாதாரண வண்டி போதும்.

குழி ஒருபக்கம், மேடு மறுபக்கம்

தீர்வு புதிதாக யாரும் கண்டுபிடித்ததல்ல. போல்டர் எப்படி உருவானதோ அதையே மண்வெட்டி அளவுக்குச் சுருக்கினால் போதும். பக்கத்தில் வாய்க்கால் வெட்டு. வெட்டிய மண்ணைத் தடத்தின் மேல் போடு. தடம் பக்கத்துத் தரையைவிட உயரட்டும். நடுமுதுகு சற்றுப் புடைத்திருக்கட்டும். நீர் இரண்டு பக்கமும் இறங்கும். வயல் வரப்பைக் காலால் மிதித்துப் பழகிய யாருக்கும் இதில் விளக்க ஒன்றுமில்லை.

இப்படி வெட்டும்போது மண் மிஞ்சுகிறது. மிஞ்சிய மண்ணை என்ன செய்வது? குவிக்க வேண்டியதுதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 8 மீட்டர் நீளத்தில் ஏறி இறங்கும், உச்சியில் ஒன்றரை மீட்டர் உயரமுள்ள ஒரு மேடு. சராசரி அகலம் 3 மீட்டர் என்று வைத்தால் சுமார் 18 கன மீட்டர் மண் வேண்டும். ஒரு மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழத்தில் 36 மீட்டர் வாய்க்கால் வெட்டினால் அது கிடைத்துவிடும். மிதித்து இறுக்கினால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வெட்ட வேண்டியிருக்கும். ஆக, தடத்தைக் காய வைக்க எப்படியும் வெட்ட வேண்டிய வாய்க்காலே, ஏறக்குறைய நாற்பது மீட்டருக்கு ஒரு மேடு என்ற கணக்கில் மேடுகளைக் கொடுத்துவிடுகிறது. லாரியில் மண் கொண்டுவர வேண்டியதில்லை. அங்கே லாரி உள்ளே வந்தால் தடமே போய்விடும்.

ஒன்றரை மீட்டர் என்ன பெரிய உயரமா என்று கேட்கலாம். மேட்டின் உச்சியில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர், மிதிக்காமல் இறங்கினால், உராய்வைக் கழிக்காமல் பார்த்தால் அடியில் 28-ஐத் தொடுவார். அடுத்த மேட்டில் ஏறும்போது அந்த எட்டையும் திருப்பிக் கொடுத்துவிடுவார். வேகத்தைக் கடன் வாங்கித் திருப்பிக் கொடுக்கும் இந்த ஆட்டத்தில் உடம்பும் சேரலாம்: உச்சியில் கை கால்களை மடக்கி, இறக்கத்தில் நீட்டி அழுத்தினால், மிதிக்காமலே கொஞ்சம் வேகம் கூடும். ஊஞ்சலில் எழுந்து உட்கார்ந்து வேகம் ஏற்றுவது போல. பம்ப் டிராக் என்று நகரங்களில் தார் போட்டுக் கட்டுகிறார்களே, அதன் சூத்திரம் இதுதான். இப்படி நாற்பது மேடு இருந்தால் ஒரு சுற்றில் 60 மீட்டர் ஏறியாகிவிட்டது. ஆல்ப்ஸில் அது ஒரு வளைவுக்குக்கூடக் காணாது. ஆனால் ஆல்ப்ஸில் நாற்பது முறை இறங்குவதில்லை, ஒரே முறைதான்.

மேட்டுக்கு அடுத்தபடியாக வேலை செய்வது வளைவு. நேராகப் போனால் காடு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அதனால் தடத்தைக் குடலைப் போல மடித்து மடித்து வைக்கிறார்கள். கையை நீட்டினால் எதிரே போகிறவரைத் தொடலாம் என்ற தூரத்தில் இரண்டு மடிப்புகள் ஓடும். வெளிப்பக்கம் மண்ணைச் சாய்த்து உயர்த்திய வளைவில் பிரேக் போடாமல் திரும்பலாம். மரங்களுக்கு நடுவே ஹேண்டில்பார் நுழையும் அளவுக்கு மட்டும் இடம் விட்டால், 15 கிலோமீட்டர் வேகமே 40 மாதிரி தெரியும். சமவெளித் தடத்தின் உண்மையான சாமர்த்தியம் இங்கேதான் என்று நினைக்கிறேன்.

பழைய வனத்துறை வேலையும் கைகொடுக்கிறது. ஈர நிலத்தில் மரம் நடும்போது டச்சுக்காரர்கள் தரையைப் பாத்தி பாத்தியாக உயர்த்தி, நடுநடுவே பள்ளம் விட்டு, மேட்டில் மட்டும் கன்று வைப்பது வழக்கம். அந்தப் பாத்திகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனால் அலை அலையாக ஏற்ற இறக்கம், ஒரு கூடை மண் போடாமல். குயிண்டர்போஸிலும் வடிகால் பள்ளங்கள் நிறைய உண்டு. ஆனால் அங்கே ஒரு சிக்கல்: அந்தப் பள்ளங்களின் ஈரச் சுவர்களில் அரிய வகைப் பெரணிகள் வளர்ந்துவிட்டன. நாட்டின் பெரணிப் பிரியர்கள் தேடி வரும் இடம் அது. சக்கரம் அங்கே இறங்கக் கூடாது. மனிதன் வெட்டிய சாக்கடை ஐம்பது அறுபது ஆண்டில் பாதுகாக்க வேண்டிய இயற்கையாகிவிடுவது இந்த மாகாணத்தில் சாதாரணம்.

தொடக் கூடாத மேடுகள்

ஃப்ளேவோலாந்தில் மேடே இல்லை என்பது சரியல்ல. சுற்றிலும் கரை இருக்கிறது, பல மீட்டர் உயரத்தில், கிலோமீட்டர் கணக்கில். புதிதாக வருபவர் கண்ணுக்கு அதுதான் முதலில் படும்: இதன் சரிவில் ஒரு தடம் போட்டால் என்ன? போடவே முடியாது. கரையின் புல் அழகுக்கு வளர்த்ததல்ல; அலை அடிக்கும்போது மண் அரிக்காமல் பிடித்து நிறுத்தும் தோல் அது. சக்கரம் கிழித்த ஒரு கோடு புயல் இரவில் ஓட்டையாகலாம். நீர் வாரியம் கரையிலும் அதன் அடிவாரத்திலும் தோண்ட விடாது. கிழக்கு ஃப்ளேவோலாந்தையும் தெற்கு ஃப்ளேவோலாந்தையும் பிரிக்கும் க்னார்டைக் என்ற உள்கரையும் வெறும் மேடல்ல. ஒரு பக்கம் உடைந்தால் மறுபக்கம் தப்ப வேண்டும் என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்தது.

வயல் நடுவே சிறு மேடு தெரிந்தால் அதுவும் சந்தேகத்துக்குரியது. சைடர்சே பல நூற்றாண்டுகள் கப்பல் போக்குவரத்து நடந்த கடல். நீர் வடிந்தபின் 400-க்கும் மேற்பட்ட கப்பல்கள் மண்ணுக்குள் கிடைத்தன. காற்றுப் பட்டால் மரம் மக்கிவிடும் என்பதால் சிலவற்றை ஈரம் காயாமல் மேலே மண் மூடி இருந்த இடத்திலேயே விட்டிருக்கிறார்கள். மேட்டில் ஏறிக் குதிக்கலாம் என்று நினைத்தால் கீழே ஒரு சரக்குப் படகு உறங்கிக்கொண்டிருக்கலாம். புதிதாகத் தோண்டுவதற்கு முன்பும் இதே காரணத்துக்காக வரைபடம் பார்க்க வேண்டும்.

இன்னொரு வகை மேடும் உண்டு, அது கலை. ஸேவோல்டே பக்கம் பீட் ஸ்லேகர்ஸ் 1982-இல் அமைத்த ‘ஆர்ட்ஸே’ என்ற படைப்பில் மண்ணே கடல் அலைகளாக எழும்பி நிற்கிறது. பெயருக்கு ‘மண்கடல்’ என்று பொருள். பார்த்த எந்த சைக்கிள்காரருக்கும் கால் துறுதுறுக்கும். ஓட்டுவதற்காக அமைத்ததல்ல என்பது வேறு விஷயம். அதே ஊர்ப் பூங்காவில் ரிச்சர்ட் செர்ராவின் கான்கிரீட் சுவர்கள் இரண்டு நிற்கின்றன. படைப்பின் பெயரே ‘கடல் மட்டம்’. சுவரின் மேல்விளிம்பு எங்கே இருக்கிறதோ அங்கேதான் கடல் இருந்திருக்கும். பக்கத்தில் நின்றால் தலை நீருக்குள்.

இதனால்தான் தடம் காட்டுக்குள் மட்டும் அடங்கிவிடுகிறது. காடு அரசு வனத்துறைக்கோ, மாகாண இயற்கை அறக்கட்டளைக்கோ, நகராட்சிக்கோ சொந்தம். தடம் வெட்டிப் பராமரிப்பவர்கள் பெரும்பாலும் ஊர்த் தன்னார்வலர்கள். நில உரிமையாளர் இடத்தைக் கொடுப்பார். குச்சி நட்டு, அம்புக்குறி போட்டு, வாய்க்காலில் விழுந்த இலையை வாரி எடுப்பது இவர்கள் பாடு. கடைசியில் சொன்ன வேலையை யாரும் புகைப்படம் எடுத்துப் போடுவதில்லை. ஆனால் தடம் பிழைப்பதும் சாவதும் அதில்தான். பாப்லர் இலை நவம்பரில் கனமாகக் கொட்டி வாய்க்காலை அடைத்துவிட்டால், அத்தனை மேடும் வெறும் தீவுகள்.

எங்கே தோற்றது

வாய்க்காலும் மேடும் எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. களிமண் மேட்டின் உச்சி கோடையில் வெடிக்கும். வெடிப்பில் மழை இறங்கினால் ஓரம் கட்டியாகப் பெயர்ந்து விழும். வளைவின் உள்பக்கம் எல்லோரும் பிரேக் பிடிக்கும் இடத்தில் எத்தனை முறை மண் போட்டாலும் குழி விழும். அங்கெல்லாம் வெளியிலிருந்து மணலோ, இடிந்த கட்டட நொறுங்கலோ, சிப்பித்தூளோ கொண்டுவந்து மேலே பரப்ப வேண்டியிருக்கிறது. டச்சு நாட்டில் சிப்பி போட்ட பாதை பழைய வழக்கம். இது காட்டின் மண் அல்ல என்று முகம் சுளிப்பவர்களும் இருக்கிறார்கள். காடே நட்டது, தரையே இறைத்து எடுத்தது என்னும்போது அந்தச் சுத்தம் எனக்கு அவ்வளவாகப் புரியவில்லை.

பெரிய அடி மண்ணிலிருந்து வரவில்லை, மரத்திலிருந்து வந்தது. ஆஷ் மரங்களைக் கொல்லும் பூஞ்சை நோய் 2010-இல் நெதர்லாந்தில் கண்டறியப்பட்டது. ஃப்ளேவோலாந்துக் காடுகளில் ஆஷ் ஏராளம். ஒரே காலத்தில், ஒரே வகையை, வரிசை வரிசையாக நட்டிருந்தார்கள். நுனிக் கிளை முதலில் காயும், பிறகு வேர்க்கழுத்து இற்றுப் போகும், காற்றில்லாத நாளில்கூட மரம் சாயும். கீழே ஆள் நடமாடும் பாதை என்றால் வெட்டியே ஆக வேண்டும். வெட்டும் இயந்திரம் உள்ளே வந்துபோன தடம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு மனிதன் மண்வெட்டியால் ஒரு குளிர்காலம் முழுக்கச் செதுக்கியதை அது அரை நாளில் சமப்படுத்திவிடும்.

வெட்டிய இடங்களில் இப்போது வானம் தெரிகிறது. வெயில் தரையில் விழுவதால் தடம் முன்பைவிடச் சீக்கிரம் காய்கிறது. வாய்க்கால்காரர்களுக்கு அது எதிர்பாராத லாபம். ஆனால் மரத்தின் மறைவு போனதால் ஐசல்மேர் ஏரிக் காற்று தடையில்லாமல் உள்ளே வருகிறது. எதிர்க்காற்றுதான் எங்கள் மலை என்று டச்சுக்காரர்கள் சொல்வது வழக்கம். அதுவரை காட்டுக்குள் ஒளிந்து அந்த மலையைத் தவிர்த்து வந்தவர்கள், நாற்பதாவது மேட்டில் ஏறி நிமிரும்போது இப்போது அதன் எதிரே நிற்கிறார்கள்.